சாம்பல் செங்கல் யூனிட்டில் பணம் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஃபிளை ஆஷ் செங்கல் யூனிட் போட நினைப்பவர்களுக்கும், வேறொருவர் நடத்தும் யூனிட்டில் பங்காளியாகச் சேர நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வீடு கட்டக் கல் வாங்க வந்தவர்கள் நேராகத் தரம் பற்றிய கேள்விக்கு (கொத்தனார்கள் சொல்லும் குறை) போகலாம்.

இந்தக் கல் எப்படிச் செய்யப்படுகிறது?

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள். புகையோடு மேலே போகும் நுண்ணிய சாம்பலை, புகைபோக்கிக்கு முன்னால் உள்ள மின் வடிகட்டி பிடித்து வைக்கிறது. அந்த உலர் சாம்பலோடு (இதுதான் ஃபிளை ஆஷ்) கிரஷர் தூளும், அதாவது ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூளும், சிமென்ட்டும் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அச்சில் அழுத்தி எடுத்தால் கல். சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பும் ஜிப்சமும் போடுவோரும் உண்டு. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் உருவாக்கிய ‘ஃபால்-ஜி’ கலவை அந்த வகைதான். ஆந்திராவில் சிறு சிறு யூனிட்களாக இந்தத் தொழில் பரவ அது பெரிய காரணம்.

சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு ஈரத்தில் மெதுவாக வினைபுரிந்து கல்லை இறுக்குகின்றன. ‘மெதுவாக’ என்பதைக் கவனியுங்கள். இந்தத் தொழிலில் பணம் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் அது. கீழே கணக்கோடு சொல்கிறேன்.

இதைப் பசுமையான கல் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. மண் செங்கலுக்கு வயல் மேல்மண்ணோ செம்மண்ணோ வேண்டும், அதை 900 டிகிரிக்கு மேல் சுட விறகோ நிலக்கரியோ வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினார்கள் என்பதும், 2021-ல் அங்கே அனுமதியில்லாத சூளைகள் மூடப்பட்டதும் செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். சாம்பல் கல்லில் அந்த இரண்டு கேடும் இல்லை. இன்னொரு பக்கம், இந்தியாவின் அனல் நிலையங்கள் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பலைத் தள்ளுகின்றன. கல்லாகாத சாம்பல் குளத்தில் தேங்கினால் என்ன ஆகும் என்று எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோரம் மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் ‘கார்பனே இல்லாத கல்’ என்று நோட்டீஸ் அடிப்பவரை நம்ப வேண்டாம். 9 அங்குலக் கல் ஒன்றின் எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். அதில் 8 சதவீதம் சிமென்ட் என்றால் ஒரு கல்லுக்குக் கால் கிலோ. அந்தச் சிமென்ட் சூளையில் வெந்துதான் வந்தது. கலவையில் சிமென்ட்டை ஒரு சதவீதம் குறைத்தும் பலத்தைத் தக்கவைக்கத் தெரிந்த யூனிட்தான் பசுமையும் லாபமும் சேர்ந்து பார்க்கிறது.

சாம்பல் இலவசம்தானே? அனல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே யூனிட் போட்டுவிடலாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. அதிகம் பேர் தவறாக முடிவெடுக்கும் விஷயமும் இதுவே.

முதலில் இலவசம் பற்றி. 1999-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பல் பயன்பாட்டுக்கு ஓர் அறிவிக்கை போட்டது. 2009 திருத்தம், உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைக் கல் செய்பவர்களுக்கு இலவசமாகத் தரச் சொன்னது. அப்புறம் காற்று மாறியது. 2021 செப்டம்பரில் மத்திய மின் அமைச்சகம், சாம்பலை ஏலத்தில் விற்க வேண்டும், மீந்தால்தான் இலவசம் என்று மின் நிலையங்களுக்கு வழிகாட்டியது. ஏலத்தில் உங்களுக்கு எதிரே உட்காருபவர் பக்கத்து ஊர் கல் யூனிட்காரர் அல்ல, சிமென்ட் கம்பெனி. பிபிசி எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. அவர்களுக்கு அது தங்கம். ஆகவே ‘சாம்பல் சும்மா கிடைக்கும்’ என்று எழுதிய திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், யார் பெயரில் ஒதுக்கீடு, எத்தனை டன், எந்தத் தேதி வரை என்று மூன்றையும் தாளில் கேளுங்கள்.

இப்போது தூரம். ஒரு கல்லில் பாதிக்குச் சற்று மேல், அதாவது ஒன்றே முக்கால் கிலோ போலச் சாம்பல் இருக்கும். டன்னுக்கு 100 ரூபாய் வாடகை கூடினால் சாம்பல் வரவில் கல்லுக்கு 17, 18 பைசா ஏறும். அதே 100 ரூபாய் கல்லை வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும் வண்டியில் கூடினால், முழுக் கல்லின் எடைக்கும் கொடுக்க வேண்டும்: 32 பைசா. அதாவது சாம்பலிலிருந்து விலகியிருப்பதைவிட, கட்டடம் நடக்கும் ஊரிலிருந்து விலகியிருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கும். சாம்பல் வரும்போது பல்கர் எனப்படும் டேங்கர் லாரி மொத்தமாக இறக்கிவிட்டுப் போய்விடும். கல் போகும்போது ஏற்றுகூலி, இறக்குகூலி, உடைசல் எல்லாம் உங்கள் தலையில்.

தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல் நிலைய வாசல்களில் ஏற்கெனவே கூட்டம். நல்ல இடம் என்பது பெரும்பாலும் நடுவில், கிரஷர் குவாரிக்கும் வளரும் ஊருக்கும் இடையில் இருக்கிறது. கிரஷர் தூளும் கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எந்தச் சாம்பலும் ஒன்றுதானா?

இல்லை. நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது; சுண்ணாம்பு அதிகம். தூத்துக்குடிச் சாம்பலுக்கு எழுதிய கலவையை அப்படியே அதற்குப் போட்டால் கல் ஒழுங்காக வராது. தனியாகச் சோதித்துக் கலவை பிடிக்க வேண்டும். குளத்திலிருந்து அள்ளும் ஈரச் சாம்பல் மலிவு, ஆனால் கரடு முரடு, வினைத்திறன் குறைவு. எரியாத கரி மிச்சமிருந்தால் சாம்பல் கறுத்துத் தெரியும், ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தர விதி அதற்கு 5 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

மொத்தம் எவ்வளவு பணம் தேவைப்படும்?

எந்திர விலையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினால் அது தெரிந்துவிடும். தெரியாமல் போவது களத்தில் கிடக்கும் பணம்.

நாளுக்கு 10,000 கல் போடும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கு 6 ரூபாய் செலவு என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). கல் அச்சிலிருந்து வந்ததும் விற்க முடியாது. 14 முதல் 21 நாள் வரை தண்ணீர் ஊற்றி வைத்திருக்க வேண்டும். 21 நாள் என்றால் களத்தில் எப்போதும் 2 லட்சத்து 10 ஆயிரம் கல்: 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஏற்றி அனுப்பிய பிறகு கான்ட்ராக்டர் 45 நாளில் பணம் கொடுத்தால் அவரே நல்லவர். அது 4 லட்சத்து 50 ஆயிரம் கல்: 27 லட்சம் ரூபாய். ஆக, ஒரு ரூபாய் லாபம் கையில் வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட 40 லட்சம் கல்லாகவும் பாக்கியாகவும் வெளியே நிற்கிறது. வழியில் சிமென்ட்டுக்கும் வார சம்பளத்துக்கும் ரொக்கம் வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 50 மூட்டை சிமென்ட்.

இந்தத் தொழிலில் மூடிக் கிடக்கும் யூனிட்களில் எந்திரம் கெட்டுப்போனவை குறைவு. நடைமுறை மூலதனம் தீர்ந்துபோனவைதான் அதிகம். அந்த நெருக்கடியில் முதலாளி என்ன செய்வார்? 7 நாள் கல்லை ஏற்றிவிடுவார். முழுதாகப் பதமாகாத அந்தப் பச்சைக் கல் சுவரில் போய் வெடிக்கும், பெயர் கெடும், அடுத்த ஆர்டர் வராது. ஆகவே நீங்கள் பணம் போடுபவர் என்றால், உங்கள் பணம் இரண்டாவது எந்திரத்துக்கா, களத்து இருப்புக்கா என்று கேளுங்கள். இரண்டாவது எந்திரம் என்றால் நான் யோசிப்பேன்.

கடன், மானியம் ஏதாவது உண்டா?

உண்டு. பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டச் செலவு ஏற்கப்படும். மானியம் 15 முதல் 35 சதவீதம், கிராமப்புறத்துக்கும் பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கும் கூடுதல். நில விலை இதில் சேராது. மானியம் உடனே கைக்கு வராது, மூன்றாண்டு வங்கியில் பூட்டப்பட்டிருக்கும். இத்திட்டம் 2025-26 வரை என அறிவிக்கப்பட்டது, எனவே இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் இருக்கிறது: 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம்.

மானியத்தைக் கணக்கில் சேர்த்தால்தான் லாபம் வருகிறது என்றால் அந்தத் திட்டத்தைக் கைவிடுவது நல்லது.

என்னென்ன அனுமதி?

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி., உள்ளாட்சி அனுமதி, மின் இணைப்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் சாம்பல் கல் தயாரிப்பு ‘வெள்ளை’ப் பிரிவில், அதாவது மாசு மிகக் குறைந்த தொழில்களில் வந்தது. ஆனாலும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. விகிதம் இந்தப் பொருளுக்குப் பல முறை மாறியிருக்கிறது. ஆடிட்டரைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள், உப்பு நீரில் செய்த கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

எந்திரம் விற்பவரே கல்லை வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். நல்ல வாய்ப்புதானே?

கல் விற்று அவ்வளவு லாபம் வருமென்றால் அவர் ஏன் எந்திரத்தை உங்களுக்கு விற்கிறார்? ‘பை-பேக்’ ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தரச் சோதனையில் தேறாத கல்லை மறுக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். எல்லாக் கல்லையும் அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பலாம்.

கொத்தனார்கள் இந்தக் கல்லில் பூச்சு நிற்காது, விரிசல் விடும் என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கெட்ட அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். பச்சைக் கல் சுவருக்குப் போன பிறகு காய்ந்து சுருங்கும், பூச்சில் கீறல் விழும். முகம் வழுவழுப்பாக இருப்பதால் பூச்சு பிடிக்காது என்பது இன்னொரு குறை. நல்ல அச்சில் ஒரு பக்கம் பள்ளம் விட்டு எடுப்பார்கள். நாட்டுச் செங்கலைப் போல மணிக்கணக்கில் ஊறவைத்துக் கட்டுவதும் தவறு, லேசாக நனைத்தால் போதும்.

சுண்ணாம்பு சேர்ந்த கல்லுக்கு ஐ.எஸ். 12894, சிமென்ட் சேர்ந்ததற்கு ஐ.எஸ். 16720. நுனி கூர்மையாக, தட்டினால் கணீரென்று இருக்க வேண்டும். அது முதல் பார்வைக்கு. அதற்கு மேல், பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ அமுக்கு வலிமைச் சோதனை செய்யலாம். சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டனுக்குக் கீழ் வந்தால் ஏற்காதீர்கள். நீர் உறிஞ்சல் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. யூனிட்காரரே கொடுக்கும் சோதனைச் சான்றை நம்பி முதலீடு செய்யாதீர்கள். களத்தில் நீங்களே கை போன போக்கில் பொறுக்கிய கல்லைக் கொண்டுபோங்கள்.

தரம் சரியாக இருந்தால் கொத்தனார்களே உங்கள் விற்பனையாளர்கள். ஒரே அளவில் வருவதால் கலவை குறைவாகப் பிடிக்கும், வேலை வேகமாக ஓடும் என்பதை முதலில் கவனிப்பவர்களும் அவர்கள்தான்.

யார் வாங்குவார்கள்? பணம் வருமா?

சட்டம் உங்கள் பக்கம். அனல் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில், விலை மற்றப் பொருளைவிட அதிகமில்லாத பட்சத்தில், சாம்பல் சார்ந்த பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் அறிவிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஏதாவது ஓர் அனல் நிலையத்தின் 300 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அரசு வேலைகளில் இதற்கு மதிப்பு உண்டு. தனியார் வீடுகளில் யாரும் அறிவிக்கையைப் படித்துவிட்டுக் கல் வாங்குவதில்லை.

பணம் வருமா என்பது வேறு கதை. நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் என்றால் 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டமும், உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்கிறது. தாமதப் பாக்கிக்கென மத்திய அரசு வைத்திருக்கும் இணையத் தளத்தில் புகார் போடலாம். போட்டால் அந்த கான்ட்ராக்டர் அடுத்த முறை உங்களிடம் வாங்க மாட்டார் என்பதும் தெரிந்ததுதான். நடைமுறையில் வேலை செய்வது எளிய விதி: மொத்த விற்பனையில் எந்த ஒரு கான்ட்ராக்டரும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, தனி வீட்டுக்காரர்களுக்கு ரொக்கத்துக்கு ஐம்பது பைசா குறைத்துக் கொடுக்கலாம். ஐம்பது பைசா போனாலும் 45 நாள் வட்டியும் தூக்கமும் மிச்சம்.

நான் நடத்தப்போவதில்லை. பணம் மட்டும் போட்டு மாதாமாதம் வருமானம் வாங்க முடியுமா?

இரண்டு எச்சரிக்கை. சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் நீங்கள் தூங்கும் பங்காளியாக இருந்தாலும் கடன்காரன் உங்கள் சொந்தச் சொத்து வரை வரலாம். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அப்படி. எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அமைப்பில் பொறுப்பு போட்ட பணத்தோடு நிற்கும். இரண்டாவது, ‘லட்சம் போடு, மாதம் இவ்வளவு நிச்சயம்’ என்று பலரிடம் வசூலிப்பவர் கல் செய்தாலும் சரி, ஈமு வளர்த்தாலும் சரி, அது கட்டுப்பாடற்ற வைப்புத் திட்டம். 2019-ல் மத்திய அரசு அதைத் தடை செய்து சட்டம் போட்டிருக்கிறது. ஈமுவில் இழந்த ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேர்மையான முறையில் வேண்டுமென்றால் களத்து இருப்பின் பேரில் எழுத்துப்பூர்வக் கடன், அல்லது எல்.எல்.பி.யில் பங்கு. எதுவானாலும் மாதம் ஒரு முறை களத்தில் கல்லை எண்ணும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஏழை வீடு கட்டுபவருக்கு இதனால் உண்மையில் மலிவா?

கல் விலையில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். சேம்பர் சூளையில் சுட்ட மண் செங்கலின் விலையை ஒட்டித்தான் சந்தை இதன் விலையை வைக்கிறது. மிச்சம் வருவது கலவையிலும் பூச்சின் கனத்திலும் உடைசலிலும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3 லட்சத்து 50 ஆயிரம். அந்தத் தொகையில் கட்டுபவருக்கு அந்தச் சின்ன மிச்சம்கூட ஜன்னலாகவோ கழிப்பறைக் கதவாகவோ மாறும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் ‘எலிப்பொறி’ அடுக்கு (கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவது) கட்டத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால், சுவருக்குக் கால்வாசிக் கல் குறையும். கல் விற்பவர் இதைச் சொல்லித்தர மாட்டார்தான். சொல்லித்தருபவரிடம் ஊரே வாங்கும் என்பது என் எண்ணம்.

அனல் நிலையங்களையே மூடினால் என்ன ஆகும்?

பத்தாண்டுக்கு மேல் யோசித்தால் சரியான கேள்வி. எண்ணூர் பழைய நிலையம் 2017-ல் மூடப்பட்டது. தூத்துக்குடியின் ஐந்து 210 மெகாவாட் அலகுகளும் 1979-க்கும் 1992-க்கும் இடையே வந்தவை, வயதானவை. அதே சமயம் வடசென்னையில் 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024-ல் திறக்கப்பட்டது, உடன்குடியில் 2025 நிலவரப்படி இன்னொரு நிலையம் கட்டப்பட்டுவந்தது. எந்திரக் கடன் அடையும் ஐந்தாறு ஆண்டுக்குள் சாம்பல் தீராது. ஆனால் ஒரே நிலையத்தை நம்பிய யூனிட்டுக்கு, அதன் ஓர் அலகு பராமரிப்புக்கு நின்றாலே கை கட்டிவிடும். காற்றாலை சீசனில் அனல் மின் உற்பத்தி குறையும் மாதங்களையும் கணக்கில் வையுங்கள்.

இதைவிட நல்ல பசுமைப் பொருள் வேறு உண்டா?

ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் சொல்லிவரும் அழுத்திய மண் கல் உண்டு. சுமார் 5 சதவீத சிமென்ட், கட்டும் இடத்து மண், கையால் இயக்கும் அச்சு. அங்கே உள்ள பார்வையாளர் மையமே அதில் கட்டியதுதான். அழகு, உறுதி இரண்டும் உண்டு. ஆனால் மண் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே யூனிட்டில் செய்து லாரியில் விற்கும் தொழிலாக அது ஓடுவது கடினம். கட்டும் இடத்திலேயே செய்து தரும் சேவையாக யோசிக்கலாம். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) லேசானது, ஆனால் நீராவி அழுத்தக் கலன் உள்ள ஆலை வேண்டும், கோடிகளில் போகும் விளையாட்டு. களிமண்ணைச் சுட்டுச் சுண்ணாம்புக்கல்லோடு கலக்கும் எல்.சி.3 சிமென்ட்டுக்கு 2023-ல் இந்தியத் தரக் குறியீடு வந்துவிட்டது. அது பரவலாகக் கடைக்கு வந்தால் நம் கல்லில் உள்ள அந்தக் கால் கிலோ சிமென்ட்டின் பாவமும் குறையும்.

கார்பன் கிரெடிட் (மிச்சப்படுத்திய கார்பனுக்கான சான்று) விற்றுச் சம்பாதிக்கலாமா?

தனியாக முடியாது. 2006-ல் உலக வங்கியின் கார்பன் நிதி, ஃபால்-ஜி யூனிட்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டித்தான் வாங்கியது. ஒரு சிறு யூனிட்டுக்குத் தணிக்கைச் செலவே வரவைத் தின்றுவிடும்.

ஆட்கள்?

மண் சூளைகளில் முன்பணம் கொடுத்து ஆறு மாதம் குடும்பத்தையே கட்டிப்போடும் பழக்கம் இருக்கிறது. அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் முடியும். சாம்பல் கல்லில் வேலை ஆண்டு முழுக்க இருப்பதால் வாரச் சம்பளம் கொடுக்க முடிகிறது, அதைக் கெடுக்காதீர்கள். மிக்சர் பக்கம் நிற்பவருக்கு முகக்கவசம் கட்டாயம். சாம்பல் தூசு நுரையீரலில் தங்கும். துணியைச் சுற்றிக்கொண்டால் போதும் என்பது தப்பு.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பொங்கல் முடிந்ததும். வடகிழக்குப் பருவமழை போயிருக்கும், களம் காய்ந்திருக்கும், முதல் கல் பதமாகி வரும்போது கட்டட வேலைகள் சூடு பிடித்திருக்கும். ஐப்பசியில் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் கல்லையும் சாம்பலையும் தார்ப்பாய் போட்டு மூடுவதிலேயே போகும், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.